பழைய மாதிரி நீராவி எஞ்சினைத் தோட்டத் தண்டவாளத்தில் மீண்டும் ஓடவைத்தல்

பழைய மாதிரி நீராவி எஞ்சின் ஒன்று கைக்கு வந்தவுடனே எதையெல்லாம் மாற்றலாம் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். கேஸ் பர்னர் பொருத்தலாம், சிலிண்டரைப் பெரிதாக்கலாம், ரேடியோ கட்டுப்பாடு வைக்கலாம் என்று பட்டியல் நீளும். அந்தக் கணக்கைச் சற்றுத் தள்ளிப்போடுவது நல்லது. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது எஞ்சின் எப்படி ஓடியதோ அந்த நிலைக்கு முதலில் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தால்தான், அதன் குறைகளில் எவை தேய்மானத்தால் வந்தவை, எவை வடிவமைப்பிலேயே இருந்தவை என்று பிரித்தறிய முடியும். சிலிண்டர் கசியும் எஞ்சினுக்குக் கூடுதல் வெப்பம் தரும் பர்னரைப் பொருத்தினால் கசிவு கூடுமே தவிர இழுவை கூடாது. ஆவி போதவில்லை என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தபோது அது வழியிலேயே வீணாகிக்கொண்டிருந்தது என்பதும் கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

எஞ்சினை அடையாளம் காண்பதிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும். தோட்ட இரயில்களில் பரவலாக வழங்கும் பாதை அகலங்கள் இரண்டு: 32 மி.மீ., 45 மி.மீ. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்து பௌமன் எஞ்சின்களும் பாசெட்-லோக் நிறுவனத்தின் சிறிய எஞ்சின்களும் 32 மி.மீ. பாதைக்கு உரியவை. 1979இல் வெளிவந்த மேமோட் எஞ்சினும் அதே அகலத்தில்தான் தொடங்கியது. 1975 முதல் ஜப்பானின் ஆஸ்டர் நிறுவனம் செய்துவந்த நுணுக்கமான எஞ்சின்கள் பெரும்பாலும் 45 மி.மீ. பாதையில் ஓடுபவை. பௌமன், மேமோட் இரண்டிலும் சிலிண்டரே முன்னும் பின்னும் ஆடி ஆவித் துளைகளைத் திறந்து மூடும். முன்னதற்கு எரிசாராயமும் பின்னதற்குத் திட எரிபொருள் வில்லைகளும் எரிபொருள். ஆஸ்டரில் உண்மையான எஞ்சின்களைப் போல வால்வுப் பெட்டியும் வால்வு இயக்கமும் உண்டு. இந்த வேறுபாடு பிறகு செய்யவேண்டிய வேலையின் அளவை முழுவதுமாகத் தீர்மானிக்கிறது.

அடுத்த முடிவு கொஞ்சம் கசப்பானது. 1930களின் எஞ்சின் ஒன்று அசல் வண்ணப்பூச்சும் கோடுகளும் சிதையாமல் கிடைத்திருந்தால், அதைச் சுரண்டிப் புதிதாகப் பூசுவதும் துளையிட்டுப் புதிய உறுப்பு பொருத்துவதும் திரும்பப் பெற முடியாத இழப்பு. அதைத் துடைத்து, எண்ணெயிட்டு, குறைந்த அழுத்தத்தில் எப்போதாவது ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மாற்றங்கள் செய்து பார்க்க மேமோட் போல ஏராளமாகச் செய்யப்பட்ட எஞ்சின்களே தகுந்தவை. அவற்றிலும் கழற்றிய அசல் உறுப்புகள் எல்லாவற்றையும் பெயரெழுதிய பையில் போட்டு வைப்பது நல்ல பழக்கம்.

கழற்றத் தொடங்கும் முன் இரண்டு நஞ்சுகளை நினைவில் கொள்ள வேண்டும். பழைய எஞ்சின்களில் விளக்குத் திரி, பாய்லரைச் சுற்றிய வெப்பத் தடுப்பு, தண்டுகளைச் சுற்றி அடைத்த கயிறு ஆகிய மூன்றுமே கல்நாராக இருக்கலாம். உலர்ந்த நிலையில் அதைச் சுரண்டினால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் பரவி நுரையீரலில் தங்கிவிடும். ஆகவே சோப்புத் தண்ணீரில் நன்றாக நனைத்து, தகுந்த முகக்கவசம் அணிந்து, ஈரமாகவே எடுத்து மூடிய பையில் கட்டி, அவ்விடத்து விதிகளின்படி அகற்ற வேண்டும். அதற்குப் பதிலாகத் திரிக்குக் கண்ணாடியிழையும், தண்டுகளின் அடைப்புக்குக் கிராஃபைட் தோய்ந்த கயிறு அல்லது முறுக்கிய டெஃப்லான் நாடாவும் போதும். மற்றொன்று பழைய வண்ணப்பூச்சில் உள்ள ஈயம். அதை உலர் எமரி தாளால் தேய்ப்பதும் நெருப்பால் சுடுவதும் கூடாது.

திருகாணிகளைக் கையாளும்போது அவசரப்படக் கூடாது. பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களில் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) என்னும் மரை வகை அதிகம். அதன் மரைக்கோணம் 47.5 பாகை, மெட்ரிக் மரைக்கோணம் 60 பாகை. பார்வைக்கு ஒத்த அளவில் இருக்கும் மெட்ரிக் திருகாணி இரண்டு சுற்று உள்ளே போய்ப் பிறகு இறுகும். அங்கே வலுவைக் காட்டினால் பித்தளையில் உள்ள மரை அழிந்துவிடும். இறுகிய திருகாணிக்கு ஊடுருவும் எண்ணெயும் ஒரு நாள் பொறுமையும் வேண்டும். அதன் பின்னும் அசையாவிட்டால் மிதமான சூடு காட்டலாம். ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துக்கொண்டால் குழாய்களின் வளைவும் வாஷர்களின் வரிசையும் பிறகு குழப்பம் தராது.

பாய்லர்

மற்ற உறுப்புகள் கெட்டால் எஞ்சின் நிற்கும். பாய்லர் கெட்டால் ஆட்களுக்குக் காயம் ஏற்படும். ஆகவே முதல் வேலையும் அதிக நேரம் செலவிட வேண்டிய வேலையும் இதுதான். செம்புப் பாய்லரின் உருளைச் சுவர் பொதுவாக நாம் அஞ்சும் அளவுக்குப் பலவீனமானதல்ல. 40 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. தடிப்பும் உள்ள உருளையில் 3 பார் அழுத்தம் இருந்தால், சுவரில் ஏற்படும் இழுவிசைத் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 6 நியூட்டன்தான். சூடுகாட்டி இளக்கிய செம்போ ஏறத்தாழ 200 நியூட்டன் வரை தாங்கும். உண்மையான பலவீனம் வேறிடங்களில் இருக்கிறது: தட்டையான முன்பின் தகடுகள், அவற்றை உருளையோடு உருக்கி ஒட்டிய பற்றுகள், பாதுகாப்பு வால்வும் நிரப்பு மூடியும் திருகப்படும் மரை வளையங்களான புஷ்கள். பித்தளைப் புஷ் பல ஆண்டுகள் வெந்நீரில் இருந்தால் அதிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேறி, இளஞ்சிவப்பு நிறத்தில் நொறுங்கும் செம்புக் கூடு மட்டும் மிஞ்சும். மரைப் பகுதி அப்படி நிறம் மாறியிருந்தால் அதை நம்பக் கூடாது. பாஸ்பர் வெண்கலத்தில் புதிய புஷ் செய்து வைக்க வேண்டும்.

பற்று எந்த வகை என்பதையும் அறிந்தாக வேண்டும். மங்கிய சாம்பல் நிறமும் ஊசியால் கீறினால் எளிதில் பள்ளம் விழும் மென்மையும் இருந்தால் அது வெள்ளீய-ஈயப் பற்று. அது 183 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். சற்று மஞ்சள் கலந்த வெண்மையும் கடினமும் இருந்தால் வெள்ளி கலந்த பற்றான சில்வர் சால்டர். அது இளக 600 பாகைக்கு மேல் வேண்டும். நீராவியின் வெப்பநிலை 1 பார் அழுத்தத்தில் 120 பாகை, 3 பாரில் 144 பாகை என்பதால், ஈயப் பற்றுக்கும் போதிய இடைவெளி இருப்பதுபோலத் தோன்றும். தண்ணீர் இருக்கும்வரைதான் அந்த இடைவெளி. பாய்லர் வறண்ட சில நொடிகளில் உலோகம் தீச்சுவாலையின் வெப்பத்தை நோக்கி ஏறும். பற்று இளகிக் கழன்றுவிடும். ஈயப் பற்றுள்ள பாய்லருக்குக் கேஸ் பர்னர் பொருத்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அத்தகைய பாய்லரில் கசிவு இருந்தால், ஏற்கெனவே இருப்பதே ஈயப் பற்று என்பதால் அதே வகையில் சீர்செய்து குறைந்த அழுத்தத்தில் ஓட்டலாம். ஆனால் சில்வர் சால்டர் பாய்லரின் கசிவை ஈயப் பற்றால் அடைப்பது பெரிய தவறு. அந்த ஈயம் செம்பில் ஊறிய பிறகு அவ்விடத்தில் சில்வர் சால்டர் சரியாகப் பிடிக்காது.

உட்புறத்தில் படிந்த உப்புப் படிவத்தைச் சிட்ரிக் அமிலக் கரைசலால் நீக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் 5 விழுக்காடு அளவு கலந்து நிரப்பி, நுரை அடங்கும்வரை வைத்து, பலமுறை கழுவ வேண்டும். படிவம் போன பிறகு, அதுவரை அடைந்திருந்த நுண்துளை ஒன்று கசியத் தொடங்குவதும் உண்டு. ஆகவே அழுத்தச் சோதனைக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

அழுத்தச் சோதனை தண்ணீரால் மட்டுமே நடக்க வேண்டும். தண்ணீர் அமுங்காது என்பதால், ஏதேனும் உடைந்தாலும் ஒரு துளி வெளியேறியவுடன் அழுத்தம் விழுந்துவிடும். அழுத்திய காற்றில் தேங்கும் ஆற்றலோ உடைந்த துண்டை எறிகுண்டாக்கிவிடும். பாய்லரைச் சாய்த்துச் சாய்த்து ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் நிரப்பி, திறப்புகளை அடைத்து, கைப்பம்பும் நம்பகமான அழுத்தமானியும் இணைக்க வேண்டும். பழைய பாய்லருக்கு வேலை அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு, புதிதாகவோ பெரிய அளவில் பழுது பார்த்தோ செய்த பாய்லருக்கு இரு மடங்கு என்பது வழக்கம். சோதனைக்கு முன்னும் பின்னும் தட்டைத் தகடுகளின் மீது நேர்விளிம்பு ஒன்றை வைத்துப் பார்ப்பது அவசியம். தகடு நிரந்தரமாக உப்பியிருந்தால், ஒரு துளிகூடக் கசியாவிட்டாலும் அந்தப் பாய்லர் தோற்றதாகவே கொள்ள வேண்டும். அழுத்தமானியின் முள் பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் நின்றால் தேர்ச்சி.

பாதுகாப்பு வால்வைத் தனியாக நீராவியில் சோதிக்க வேண்டும். சிலிண்டருக்குப் போகும் ஆவியைத் திறந்து மூடும் ரெகுலேட்டரை மூடி, தீ முழுவதுமாக எரியும்போதும் அழுத்தம் வேலை அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாண்டக் கூடாது. தாண்டினால் வால்வின் துளை போதவில்லை என்று பொருள். துருப்பிடித்த பழைய ஸ்பிரிங்கை மாற்றும்போது அதைவிட வலிய ஸ்பிரிங்கைப் போடும் ஆசை வரும். பாய்லர் எந்த வேலை அழுத்தத்துக்கெனச் சோதிக்கப்பட்டதோ அந்த வேலை அழுத்தமே எல்லை.

இயக்கப் பகுதி

ஆடும் சிலிண்டர் எஞ்சின்களில் ஆவி வீணாகும் முதன்மையான இடம், சிலிண்டரும் அதன் முகத்தகடும் தொடும் பரப்பு. தடித்த கண்ணாடியின் மீது 600 எண் எமரி தாளை விரித்து, மெல்லிய எண்ணெய் விட்டு, முகத்தை எட்டு வடிவில் தேய்க்க வேண்டும். சாம்பல் நிறம் பரப்பு முழுவதும் ஒரே சீராக வந்த பிறகு 1200 எண் தாளுக்கு மாறலாம். ஒரு பக்கம் சாய்த்து அழுத்தினால் முகம் வளைந்துவிடும் என்பதால் விரல்களின் எடை மட்டுமே போதும். தேய்த்த பொடி ஆவித்துளைகளில் தங்காதபடி நன்றாகக் கழுவ வேண்டும். சிலிண்டரை முகத்தோடு அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கின் வலுவிலும் ஒரு சமநிலை இருக்கிறது. அது தளர்ந்திருந்தால் அழுத்தம் ஏறும்போது சிலிண்டர் முகத்தை விட்டு விலகும். மிக இறுகியிருந்தால் உராய்வே எஞ்சினின் ஆற்றலைத் தின்றுவிடும்.

வால்வுப் பெட்டி உள்ள எஞ்சின்களில் மூடியைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றிப் பார்ப்பதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். பிஸ்டன் ஒரு முனைக்கு வந்து நிற்கும் தருணத்தில் அந்த முனைக்கான ஆவித்துளை திறக்கத் தொடங்க வேண்டும். முதலில் வால்வைத் தண்டின் மீது நகர்த்தி, இரு முனைகளிலும் துளை சம அளவில் திறக்கும்படி செய்ய வேண்டும். அதன் பிறகே, அச்சில் மையம் விலகிப் பொருத்தப்பட்டு வால்வை அசைக்கும் வட்டான எக்சென்ட்ரிக்கின் கோணத்தைத் தொட வேண்டும். வரிசை மாறினால் ஒரு பிழையை மற்றொரு பிழையால் மறைத்துக்கொண்டே போவோம். இருபுறக் கிராங்க்குகளும் ஒன்றுக்கொன்று 90 பாகையில் இருப்பதையும் உறுதிசெய்ய வேண்டும். அச்சில் சக்கரம் நழுவியிருந்தால், எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் திணறும்.

பிஸ்டனின் பழைய அடைப்புக்குப் பதிலாக ஓ-ரிங் போடுபவர்கள் அதன் பொருளைக் கவனிக்க வேண்டும். சாதாரண நைட்ரைல் இரப்பர் நீராவியின் சூட்டில் விரைவில் கெட்டிப்பட்டு விரிசல் விடும். விட்டான் என்னும் இரப்பர் வகை 200 பாகை வரை தாங்கும். வளையம் சிலிண்டரை மெல்லத் தொட்டால் போதும். இறுக்கமாகப் பொருத்தினால் பிஸ்டன் சிக்கும். நீள்வட்டமாகத் தேய்ந்த அச்சுத் துளைகளுக்கு வெண்கல புஷ் இட வேண்டும். சக்கரங்களை இணைக்கும் பிணைப்புத் தண்டுகளின் துளைகளில் மட்டும் சிறிது தளர்ச்சி இருக்கட்டும். அங்கே துல்லியத்தை எதிர்பார்த்தால் சக்கரங்கள் ஒன்றையொன்று தடுக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு, பாய்லரை இணைக்காமல், சிலிண்டர்களுக்கு மட்டும் அழுத்திய காற்றைச் செலுத்திப் பார்க்கலாம். நல்ல நிலையில் உள்ள சிறிய எஞ்சின் அரை பார் முதல் ஒரு பார் அழுத்தத்திலேயே, சுமையில்லாமல், முன்னும் பின்னும் மெதுவாகவும் சீராகவும் சுழல வேண்டும். வேகமாகச் சுழல்வதில் பெருமை இல்லை. நின்றுவிடாமல் மெதுவாகச் சுழல்கிறதா என்பதே உராய்வின் உண்மையான அளவுகோல்.

வண்ணம் பூசுவதைக் கடைசிக்கு விட்டுவிடுங்கள். நீராவிச் சோதனைக்குப் பிறகு எஞ்சினை இன்னும் ஓரிரு முறை கழற்ற நேரும். அப்போது புதிய பூச்சில்தான் முதல் கீறல் விழும். பழைய பூச்சை நீக்கக் காஸ்டிக் சோடாவைப் பயன்படுத்துபவர்கள் அலுமினிய வார்ப்புகளை அதிலிருந்து விலக்கி வைக்க வேண்டும், அவை கரைந்துவிடும். புகைப்பெட்டிக்கு வெப்பம் தாங்கும் பூச்சு தனியாக வேண்டும்.

எஞ்சின் தன் பழைய திறனில் ஓடத் தொடங்கிய பிறகு மாற்றங்களுக்கு வரலாம்.

எல்லா மாற்றங்களிலும் குறைந்த செலவில் மிகுந்த பலன் தருவது எண்ணெயூட்டி. பழைய எஞ்சினில் அது இல்லாவிட்டால் ஆவிக்குழாயில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சிறு கலத்தில் உள்ள எண்ணெய்க்குள் ஆவி புகுந்து குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்க, மேலே மிதக்கும் எண்ணெய் இம்மியளவாக ஆவியோடு சிலிண்டருக்குப் போகும். அசையும் உறுப்பு எதுவும் இல்லாத அழகான ஏற்பாடு இது. இதற்கு ஐ.எஸ்.ஓ. 460 தரத்திலான நீராவி சிலிண்டர் எண்ணெயே வேண்டும். கார் எஞ்சின் எண்ணெய் ஈர ஆவியில் கழுவப்பட்டுவிடும்.

அடுத்தது வெப்பம். திட எரிபொருளான ஹெக்சமின் வில்லைகளின் புகை மூச்சை உறுத்தும்; அவற்றைத் திறந்தவெளியில் மட்டுமே எரிக்க வேண்டும். எரிசாராயச் சுவாலை வெயிலில் கண்ணுக்கே தெரியாது என்பதால், சிந்திய எரிபொருள் எரிவதை உணரும் முன் தடப்படுக்கை கருகிவிடும். கேஸ் இவ்விரு தொல்லைகளையும் நீக்கித் தீயைக் கட்டுப்படுத்தும் வசதியையும் தரும். கூடவே வேறு பொறுப்புகளையும் கொண்டுவரும். 20 பாகை வெப்பத்தில் பியூட்டேனின் அழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 1 பார் கூடுதல். புரோப்பேனுக்கோ அது 7 பாருக்கு மேல். பியூட்டேனுக்கென்று செய்த சிறு தொட்டியில் புரோப்பேன் கலந்த கேஸை நிரப்பும் முன் அந்தத் தொட்டி எந்த அழுத்தத்துக்குச் சோதிக்கப்பட்டது என்பதை அறிந்தாக வேண்டும். பர்னருக்குக் கேஸைப் பீச்சும் ஜெட்டின் துளை தலைமுடி அளவே உள்ளது. அது அடைத்தால் கம்பியால் குத்தாமல், கரைப்பானில் ஊறவைத்துப் பின்புறமாக ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும்.

கேஸ் எஞ்சினில் மாறாத விதி ஒன்று உண்டு: தண்ணீர் தீரும் முன் கேஸ் தீர வேண்டும். அதை ஊகத்துக்கு விடாமல் அளந்து பார்க்கலாம். பாய்லரில் குறித்த அளவு தண்ணீரைப் பீச்சுக்குழலால் நிரப்பி, கேஸ் தொட்டியையும் நிரப்பி, தண்ணீரின் மட்டத்தைக் கவனித்தபடி ஓட்டி, கேஸ் தீர்ந்து பாய்லர் ஆறியபின் மிஞ்சிய தண்ணீரை வடித்து அளக்க வேண்டும். தொடக்க அளவில் கால் பங்காவது மிஞ்சாவிட்டால், தொட்டியைச் சிறிதாக்க வேண்டும் அல்லது ஓட்டத்தின் நடுவில் தண்ணீர் சேர்க்க வழிசெய்ய வேண்டும். அழுத்தம் இருக்கும்போதே அழுத்தப் புட்டியால் தண்ணீர் செலுத்த உதவும் குடால் வால்வு அதற்கான எளிய தீர்வு. நிரப்பு மூடியின் இடத்திலேயே அதைத் திருகிவிடலாம்.

சிலிண்டரைப் பெரிதாக்க விரும்புபவர்கள் முதலில் பெருக்கிப் பார்க்க வேண்டும். உள்விட்டத்தை 8 மி.மீ.யிலிருந்து 10 மி.மீ.க்கு ஏற்றினால் ஒவ்வொரு வீச்சிலும் செலவாகும் ஆவி 56 விழுக்காடு கூடும். அந்த ஆவியைப் பாய்லரால் தர முடியாவிட்டால், எஞ்சின் வலுவாகப் புறப்பட்டுப் பாதி வழியில் நின்றுவிடும். பல எஞ்சின்களுக்கு இதைவிட நல்ல முதலீடு, ஆவிக்குழாயைத் தீயின் வழியாக ஒருமுறை கொண்டுசென்று ஆவியை உலர்த்துவதும், துல்லியமாகத் திறந்து மூடும் ரெகுலேட்டரும்தான்.

சக்கரங்களைப் பொறுத்தவரை பழைய தகர இரயில்களின் ஆழமான விளிம்புகள் இன்றைய தண்டவாளத்தின் பிடிகளில் இடிக்கும். புதிய சக்கரங்கள் பொருத்தும்போது உட்பக்கங்களுக்கு இடையே 32 மி.மீ. பாதைக்கு 28 மி.மீ., 45 மி.மீ. பாதைக்கு 40 மி.மீ. இடைவெளி விட்டால் கிளைப்பாதைகளில் தடம் புரளாது. கட்டுப்பாடில்லாத எஞ்சின் சரிவில் பாய்ந்தோடிவிடும் என்பதால், தடத்தை எவ்வளவு மட்டமாக அமைக்கிறோமோ அவ்வளவு நல்லது. ஐந்தாறு பெட்டிகளை இழுக்கவிட்டால் ஓட்டம் நிதானமாகும். ரேடியோ கட்டுப்பாட்டுக்கு ரெகுலேட்டருக்கு ஒரு சர்வோ (ரேடியோ கட்டளைப்படி திரும்பும் சிறு மோட்டார்), திசைமாற்றிக்கு ஒன்று போதும். பேட்டரியை எஞ்சினின் சூட்டுக்கு அருகே வைக்காமல் பின்னால் வரும் பெட்டியில் வைப்பது பாதுகாப்பு. லித்தியம் வகையைவிட நிக்கல் வகைப் பேட்டரி இந்த வேலைக்கு ஏற்றது.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் காய்ச்சி வடித்த தண்ணீரையோ சுத்தமான மழைநீரையோ பயன்படுத்தினால் உப்புப் படிவம் மீண்டும் சேராது. ஓட்டம் முடிந்து அழுத்தம் முழுவதும் இறங்கிய பிறகு எண்ணெயூட்டியில் தேங்கிய தண்ணீரை உறிஞ்சி எடுத்து, சூடு இருக்கும்போதே சக்கரங்களையும் தண்டுகளையும் துடைத்து, நிரப்பு மூடியைத் தளர்த்தி வைக்க வேண்டும். இறுக மூடிய பாய்லர் ஆறும்போது உள்ளே உருவாகும் வெற்றிடம், சிலிண்டரில் உள்ள எண்ணெயையும் அழுக்கையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.